யுத்தம் விற்ற ஞாயிற்றுக்கிழமைகள்

பேப்பர் போடுகிறவனை ஊரில் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள், யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். கையை நீட்டி வாங்குவார்கள், நம் முகத்தைப் பார்ப்பதற்குள் முதல் பக்கத்துக்குள் போய்விடுவார்கள். உங்களில் யாராவது விடியற்காலையில் அடுத்தவர் வாசலில் நின்று பிழைத்தவராக இருந்தால் நான் சொல்வது புரியும். பாலோ தபாலோ பேப்பரோ, நம் எல்லாருக்கும் ஒரே தலையெழுத்துதான்.

நான் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் சப்-ஏஜெண்டாக இருந்தவன். மெட்ராஸிலிருந்து வரும் முதல் ரயிலில் பண்டல் வந்து விழும். பிளாட்பாரத்தில் கோணியை விரித்து, எண்ணூர்ப் பக்கம் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு விற்பேன். மிச்சத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டு எளாவூர், ஆரம்பாக்கம் வரைக்கும் மிதிப்பேன். எழுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் என் மனைவி சாரதா ஏழாம் மாச வளைகாப்பு முடிந்து சூலூர்ப்பேட்டையில் அவள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். தலைப்பிரசவம். ஆந்திரா என்று பேரே தவிர, ரயிலில் ஒரு மணி நேரத் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டு ஞாயிறு போனேன். மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் யுத்தம் வந்துவிட்டது.

மடித்து வைத்த ஊர்

அப்போதெல்லாம் பேப்பரோடு ஒரு போஸ்டரும் வரும். ஒரே தாள், நாலைந்து வார்த்தை, கைப்பிடி கனத்துக்கு எழுத்து. அதை ஒரு தட்டியில் கட்டி முன்னால் சாய்த்து வைப்போம். பாதிப் பேர் போஸ்டரை மட்டும் படித்துவிட்டு, யுத்தத்தையே கரைத்துக் குடித்த மாதிரி நடையைக் கட்டிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யுத்தம் ஆரம்பித்த மறுநாள் ஒரு தந்திரம் செய்தேன். விமானத் தாக்குதல் என்று போஸ்டர் வந்திருந்தது. ஊர்ப் பேர் இருந்த மேல்பகுதியை மட்டும் பின்பக்கமாக மடித்துவிட்டேன். எந்த ஊர் என்று தெரிய வேண்டுமானால் பேப்பரை வாங்கித்தானே ஆகவேண்டும்? அரை மணி நேரத்தில் பண்டலில் பாதி காலி. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போது சிக்னல் கேபினில் வேலை பார்த்த கோதண்டம் தண்டவாளத்தின் மேலேயே ஓடிவந்தார். காலில் செருப்புகூட இல்லை. அவருடைய மகளை ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் கட்டிக்கொடுத்திருந்தது எனக்குத் தெரியும். துறைமுகத்தில் குண்டு போடப்போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த நேரம். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு எந்த ஊர், எந்த ஊர் என்று கேட்டார். நான் அவசரமாகப் போஸ்டரைப் பிரித்துக் காட்டினேன். வடக்கே வெகுதூரத்து ஊர். அவர் அப்படியே என் கோணியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வந்ததும் சொன்னார்: “ஊர் பேர உள்ள மடிச்சி வெச்சிட்டியேய்யா, எம் பொண்ணு அந்த மடிப்புக்குள்ளதான் இருந்தா.”

இருட்டில் வாசிப்பு

சாரதாவுக்குத் தெலுங்குதான் படிக்க வரும். கல்யாணமான நாளிலிருந்து சாயந்தரம் அவளுக்குப் பேப்பரைச் சத்தம் போட்டுப் படிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவள் கேட்கிற கேள்வி எந்தப் பேப்பரிலும் இருக்காது. எங்கேயோ வெள்ளம் என்று படித்தால், “அந்த ஊர்ல மாடுங்கள எல்லாம் இன்னா பண்ணிருப்பாங்க?” என்பாள். நான் அடுத்த பத்திக்குத் தாவுவேன். அவள் விடமாட்டாள்.

யுத்தம் வந்ததும் விளக்கை வெளியே தெரியாமல் மூடச் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஜன்னலை மறைக்கச் சோம்பல். விளக்கையே அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு ஆளுக்குச் சோறு பொங்கி, அதில் பாதியைத் தின்றுவிட்டு, இருட்டில் செய்ய ஒன்றும் இருக்காது. காலையில் படித்ததை மனப்பாடமாகச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருப்பேன். கேட்க ஆள் இல்லை என்று தெரியும். வாயை மூடினால் வீடு பயமாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு நாள், எந்த டாங்கி எந்த ஆற்றைக் கடந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவன், நடுவில் நிறுத்திவிட்டேன். தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரும்பு பேக்டரியில் வேலை பார்த்த முனுசாமியின் குரல் வந்தது: “ஆத்தத் தாண்டினானா இல்லியான்னு சொல்லிட்டு நிறுத்துண்ணே, எனக்கு ஷிப்டுக்கு நேரமாவுது.”

முதல் ஞாயிறு

யுத்தம் ஆரம்பித்து வந்த முதல் ஞாயிற்றுக்கு சூலூர்ப்பேட்டை போக ஒரு மஞ்சள் பையில் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். குழந்தைக்கு மெல்லிசுத் துணியில் தைத்த இரண்டு சட்டை, சாரதாவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய். சனிக்கிழமை எங்கள் பொன்னேரி ஏஜெண்டு ரயிலில் வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மடங்கு பண்டல் வரும், மாலைப் பேப்பரும் தனியாக வரும், ஆளை மாற்றினால் வியாபாரம் கெட்டுவிடும் என்றார். பிரசவம் தை பிறந்துதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதனால் நானும் பெரிதாக எதிர்த்துப் பேசவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏஜெண்டு மேல் மட்டும் பழியைப் போட முடியாது. அதுவரை என் பேர்கூடத் தெரியாதவர்கள் யுத்தம் வந்ததும் என்னைச் சுற்றி நின்று, “இன்னா ஆச்சு, எங்க பூந்துட்டானுங்க?” என்று என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் கிடைக்காத பேச்சுத் துணை பிளாட்பாரத்தில் கிடைத்தது. பையை ஆணியில் மாட்டிவிட்டேன். ரயில் ஏறும்போது ஏஜெண்டு என் முதுகில் தட்டிச் சொன்னார்: “புள்ள எப்ப வேணா பொறக்கும்யா, யுத்தம் தெனமும் வருமா?”

கப்பல் என்றால் கோதுமை

அடுத்த சனிக்கிழமை அமெரிக்கக் கப்பல் நம் கடலுக்கு வரப்போகிறதாம் என்று பேச்சு கிளம்பியது. போஸ்டரிலும் கப்பல்தான். ஸ்டேஷனில் எல்லாருக்கும் முகம் வெளுத்தது. நான் எளாவூருக்கு சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது ரேஷன் கடை வாசலில் இருபது முப்பது பெண்கள் பையும் டப்பாவுமாக வரிசையில் நின்றார்கள். கடை இன்னும் திறக்கவே இல்லை.

விசாரித்தால் விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் அதற்கு முந்தின பஞ்ச வருஷங்களில் ‘அமெரிக்கக் கப்பல் வந்திருக்கு’ என்றால் ரேஷனில் கோதுமை போடுவார்கள் என்று அர்த்தம். சோறு தின்கிற வயிற்றுக்கு அந்தச் சிவப்புக் கோதுமை ஒத்துக்கொள்ளாமல் ஊரே அவஸ்தைப்பட்டது. இருந்தாலும் சும்மா விட முடியுமா? எனக்கு முன்னால் யாரோ போஸ்டரைப் படித்துவிட்டு வந்து ‘கப்பல் வருது’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் சைக்கிளை நிறுத்தி, இது போர்க்கப்பல், இதில் பீரங்கியும் ஏரோப்ளேனும்தான் இருக்கும், கோதுமை இருக்காது என்று விளக்கினேன். வரிசையில் முதல் ஆளாக நின்ற குப்பம்மா டப்பாவை இடுப்பில் மாற்றிவைத்துக்கொண்டு சொன்னாள்: “அவன் கோதுமையவே தின்னு செரிச்சிட்டோம், குண்டு போட்டு இன்னா கிழிச்சிடப் போறான்?”

தயார்

மறுநாள், யுத்தத்தின் இரண்டாவது ஞாயிறு. பையை இந்தத் தடவை சைக்கிள் ஹேண்டிலிலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். காலைப் பண்டல் தீர்ந்ததும் அப்படியே ரயில் ஏறிவிடுவது என்று முடிவு. பண்டலோடு ஏஜெண்டின் சீட்டு ஒன்று வந்தது. கப்பல் சமாச்சாரத்துக்காக மாலைப் பேப்பர் நிறைய வருகிறது, இருந்து விற்கவும் என்று எழுதியிருந்தார். சீட்டை மடித்துப் பையில் போட்டேன். போவதா இருப்பதா என்று அரை மணி நேரம் இழுத்துக்கொண்டிருந்து, கடைசியில் இருந்துவிட்டேன்.

தேவசகாயம் மேஸ்திரி எண்ணூரில் ஒரு பேக்டரியில் பிட்டர்களுக்கு மேஸ்திரி. போன உலக யுத்தத்தின்போது மெட்ராஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பேப்பரை நின்றுகொண்டே முழுக்கப் படித்துவிட்டு, மடிப்பைக் கலைத்துத் திருப்பிக் கொடுக்கிற ஆசாமி. அன்றைக்கும் படித்துவிட்டுச் சிரித்தார். அந்த யுத்தத்திலும் அமெரிக்காக்காரன் இரண்டு வருஷம் இப்படித்தான் இருந்தான் என்றார். கப்பல் கட்டினான், ஏரோப்ளேன் கட்டினான், ஊரில் இருக்கிற வாலிபனையெல்லாம் வரிசையில் நிறுத்திப் பேர் எழுதினான், இங்கிலீஷ்காரனுக்குச் சாமான் அனுப்பினான். துறைமுகத்தில் துரைமார்கள் பேப்பரைப் பிரித்து, வந்துவிட்டானா வந்துவிட்டானா என்று தேடுவார்களாம். தன் வீட்டிலேயே குண்டு விழுந்த பிறகுதான் அவன் இறங்கினான். இதைச் சொல்லிக்கொண்டே என் மஞ்சள் பையைப் பார்த்தார். ஊருக்கா என்று கேட்டார். போவதாக இருந்தது, சாயந்தரப் பேப்பர் இருக்கிறது, அடுத்த வாரம் எப்படியும் போய்விடுவேன், எல்லாம் தயாராக இருக்கிறது என்றேன். அவர் பேப்பரைக் கோணியில் போட்டுவிட்டுச் சொன்னார்: “வர்றவன் தயார் பண்ணிக்கினு இருக்கமாட்டான்யா, வந்து நிப்பான்.”

திடீர் மரியாதை

செவ்வாய்க்கிழமையிலிருந்து ஊர் என்னிடம் ஒரு மாதிரி நடந்துகொண்டது. கேட்காமலே டீ வந்தது. டீக்கடை பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்கள். மேஸ்திரி ஒரு பேப்பரை விலை கொடுத்து வாங்கி, படிக்காமலே அக்குளில் செருகிக்கொண்டு போனார். நாகம்மாக்கா சூலூர்ப்பேட்டையிலிருந்து தினமும் மீன் கூடையோடு வந்து இறங்குகிறவள். மீன் கட்டப் பழைய பேப்பர் வேண்டுமென்று என்னிடம் சண்டை போடாத நாள் கிடையாது. அவள் புதன்கிழமை சத்தமில்லாமல் இலையில் நாலு மடவை மீனைச் சுற்றி என் கோணி ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

யுத்தச் செய்தி கொண்டுவருகிறவன் என்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இன்னும் உரக்கக் கூவினேன். டாக்கா விழப்போகிறது, கப்பல் நெருங்குகிறது, வாங்க சார் வாங்க. பிளாட்பாரம் முழுக்க என் குரல்தான் கேட்டது. மனிதர்கள் என்னைத் தாண்டிப் போகும்போது பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அவ்வளவு பேர் நடுவில் நின்றும் யாரும் என்னோடு இரண்டு வார்த்தை பேசவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. சத்தம் தாங்காமல் யாரோ என்னை அதட்டப் போனார்கள். டீக்கடைக்காரர் கையைக் காட்டி அவரைத் தடுத்தார்: “உடு, பேஜார் பண்ணாத, கத்தட்டும்.”

போணி

வெள்ளிக்கிழமை காலை ஜெயித்த செய்தி வந்தது. அந்த மாதிரி ஒரு நாளை என் தொழிலில் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. ரயில் நின்ற இரண்டு நிமிஷத்தில் ஜன்னல் ஜன்னலாகக் கை நீட்டினார்கள். பண்டல் தீர்ந்ததும் ஓடிப்போய் ஒரு பொட்டலம் ஆரஞ்சு மிட்டாய் வாங்கிவந்து எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். நாகம்மாக்கா அப்போதுதான் கூடையை இறக்கிவைத்தாள். ஜெயிச்சிட்டோம்க்கா என்று அவள் கையில் ஒன்றைத் திணித்தேன். அவள் அதை வாங்கவில்லை. மிட்டாய் கீழே விழுந்தது. “பெத்த புள்ளையப் பொதச்சி நாலு நாள் ஆவுது, உனக்கு இன்னா மனசு தம்பி?” என்றாள்.

எந்தப் பிள்ளை என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். சாரதாவுக்குச் சனிக்கிழமையே வலி எடுத்துவிட்டது. அன்று ராத்திரியே பிறந்துவிட்டது, எட்டு மாசத்துப் பிள்ளை, ஆண். ஞாயிற்றுக்கிழமை நான் எப்படியும் வந்துவிடுவேன் என்று யாரும் சேதி அனுப்பவில்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் போய்விட்டான். என் மாமனார் ரயில்வே கேட் கீப்பர். யுத்தத்துக்காக ஒருவருக்கும் லீவு கிடையாது. தந்தியைவிட இவள் சீக்கிரம் போய்ச் சேருவாள் என்று, கேட்டைத் தாண்டிப் போன நாகம்மாவிடம், மாப்பிள்ளையை உடனே வரச் சொல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை இவள் வந்து இறங்கினபோது நான் பண்டலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். முதல் பேப்பர் போகவில்லை. வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தெரியும், போணி ஆகாதவனிடம் சாவுச் செய்தி சொல்லக்கூடாது. அவளும் கூடை சுமப்பவள், என் போணியைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அப்புறமாகச் சொல்லச் சொல்லி டீக்கடைக்காரரிடம் சொன்னாள். அவர் மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரிக்கு என் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. மறுநாள் நான் கூவிய கூவலைக் கேட்டு, தெரிந்துதான் துக்கத்தை விழுங்கிக்கொண்டு நிற்கிறான் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். நாகம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “ஊருக்கெல்லாம் சேதி உங்கிட்டருந்துதான் போவுது, உன் சேதி உனக்குத் தெரியாமயா இருக்கும்னு உட்டுட்டோம் தம்பி.”

சூலூர்ப்பேட்டை

கோணியையும் சைக்கிளையும் போட்டது போட்டபடி அடுத்த ரயிலில் ஏறினேன். தடாவில் மிலிட்டரி ஸ்பெஷலுக்கு வழி விட்டு முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். வண்டியில் எல்லாரும் ஜெயித்ததைப் பற்றியே பேசினார்கள். எதிரே இருந்தவர் கையில் என்னிடம் வாங்கின பேப்பர். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். கேட்டில் என் மாமனார் பச்சைக் கொடியோடு நின்றிருந்தார். ரயில் வரும் நேரம், அவரால் நகர முடியாது. என்னைப் பார்த்ததும் கொடியாலேயே வீட்டுப் பக்கம் காட்டினார்.

சாரதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பால் கட்டிக்கொண்டு மார்பில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். எனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது சத்தியமும்கூட. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் உயிரோடு இருந்தான். நான் வந்திருந்தால் பார்த்திருப்பேன், தூக்கியிருப்பேன், அந்த மெல்லிசுச் சட்டையைப் போட்டும் பார்த்திருப்பேன். அன்றைக்கு நான் பிளாட்பாரத்தில் கப்பலைக் கூவி விற்றுக்கொண்டிருந்தேன். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு அவளிடம் என்ன சொல்ல முடியும்? பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன், கோபப்பட்டிருந்தால் தேவலை. தன் அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்: “சண்ட முடிஞ்சிபோச்சின்னு நேத்து சாயந்தரம் ரேடியோல சொன்னாங்க, அப்பவே நைனாகிட்ட சொன்னேன், நாளைக்கி அவரு வந்துருவாருன்னு.”

அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் பேப்பர் போட்டேன், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை மட்டும் ஒரு நாளும் கையால் தொட்டதில்லை. நான் வேதத்தில் சேர்ந்து ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போவதாக ஊரில் பாதிப் பேர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.